கீழ்க்கோட்டை வாயால் எப்படிச் சொல்வீர்கள்?

தீபாவளிக்கு முன் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடைவரிசையைப் பாருங்கள். முறுக்கு விற்கும் அக்காவின் சொந்தப் பெயர் பேனரில் இருக்காது, இன்ஸ்டாகிராம் பெயர்தான் பெரிதாகத் தொங்கும். வருகிறவர்கள் கூப்பிடுவதும் அதை வைத்துத்தான். இதில் எனக்கு வருத்தமில்லை. பட்டப்பெயர் நமக்கு ரப்பர் தோட்டக் காலத்துப் பழக்கம். அன்று ஊர் வைத்தது, இன்று நாமே வைத்துக்கொள்கிறோம். ஆனால் வைக்கிற லட்சணம்தான் சரியில்லை.

இன்ஸ்டாகிராம் பெயரில் 30 எழுத்து வரை போடலாம். ஆங்கில எழுத்து, எண், புள்ளி, கீழ்க்கோடு (_) மட்டும்தான். தமிழ் எழுத்து ஏறாது. 'யாழினி' கிடைக்காவிட்டால் இரண்டு கீழ்க்கோட்டைச் சேர்த்துவிடுகிறோம். பேனரில் அவை ஒட்டிக்கொண்டு ஒரே கோடாகத் தெரியும். போனில் கேட்பவருக்கு அதை எப்படிச் சொல்வது? 'ழ'வுக்கு நீங்கள் இசட்-எச் போட்டிருப்பீர்கள், அவர் எல் போட்டுத் தேடுவார். அச்சடிக்கும் முன் இரண்டு பேருக்கு வாயால் சொல்லி, தேடி எடுக்கச் சொல்லுங்கள்.

எண்கள்தான் பெரிய தொல்லை. பெயர் கிடைக்கவில்லை என்றால் பிறந்த தேதியை ஒட்டிவிடுவார்கள். நம் ஐசி, அதாவது மலேசிய அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கம். முதல் 6 பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த 2 பிறந்த மாநிலம்: பினாங்கு என்றால் பெரும்பாலும் 07, கோலாலம்பூர் 14. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றை, பெண்ணுக்கு இரட்டை. 'பினாங்குப் பொண்ணு 950312' என்று வைத்தால் 8 இலக்கம் ஊருக்கே தெரிந்துவிட்டது. மிச்சம் 4 இலக்கத்தில் 10,000 வாய்ப்பு, பெண் என்பதால் அதிலும் பாதி கழிந்து 5,000. ஐசி எண்ணைக் கேட்காத கவுண்டர் இந்த நாட்டில் எது?

அடுத்தது காசு. பேனரில் 'அம்மா கிச்சன்' என்றிருக்கும். க்யூஆரை ஸ்கேன் செய்தால், பணம் அனுப்பும் டுயிட்நவ் திரையில் 'இன்னார் ஏ/பி (மகள்) இன்னார்' என்று வங்கிக் கணக்கின் பெயர் வரும். வாங்குபவர் விரல் அங்கே நிற்கும். நிற்கத்தான் வேண்டும், ஏமாற்று அவ்வளவு பெருத்துவிட்டது. தொழில்களைப் பதியும் அரசு அமைப்பான எஸ்எஸ்எம்மில் கடைப் பெயரைப் பதிய ஆண்டுக்கு 60 வெள்ளி (ரிங்கிட்), ஐசியில் உள்ள பெயரிலேயே பதிந்தால் 30. தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். அந்தப் பதிவை வைத்து வங்கியில் வியாபாரக் கணக்கு திறந்தால் க்யூஆரிலும் கடைப் பெயரே வரும்.

ஆக, முதலில் எஸ்எஸ்எம், பிறகு இன்ஸ்டாகிராம், கடைசியில் பேனர். நம்மவர்கள் பேனரில் ஆரம்பித்துப் பின்னால் வருகிறார்கள். பிறகு பெயரை மாற்றுகிறார்கள். இன்ஸ்டாகிராமில் பழைய பெயர் பொதுவாக 14 நாள்தான் உங்களுக்காகக் காத்திருக்கும். அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உங்கள் பேனரைப் பார்த்து வருகிறவர்களிடம் ஆர்டரும் வாங்கலாம்.