குலுக்கலைக் கூட்டுவதும் குறைப்பதும் டயர்தான்

"சைக்கிளில் அலுமினியம் பிரேம் குலுக்கும், குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த) ஸ்டீல் அதிர்வை உறிஞ்சிவிடும்" என்று சொல்வது தவறு. இதை நம்பி யாரும் புது பிரேமுக்குப் பணம் கொட்ட வேண்டாம்.

முக்கோணமாகக் கட்டிய பிரேம் மேலும் கீழுமாக வளைவது மிகச் சொற்பம். பள்ளத்தில் இறங்கும்போது 28 மி.மீ. அகல டயர் பல மி.மீ. அமுங்கும். சீட்டைத் தாங்கும் கம்பியும் (சீட் போஸ்ட்) சீட்டும்கூட பிரேமைவிட அதிகம் வளைந்து கொடுக்கும்.

இன்னொன்று: சாதா ஸ்டீலுக்கும் குரோமோலிக்கும் விறைப்பு ஏறக்குறைய ஒன்றே, இரண்டுக்கும் மீள்தன்மைக் குணகம் (விறைப்பைக் காட்டும் அளவு) சுமார் 200 ஜிகாபாஸ்கல். குரோமோலிக்கு வலிமைதான் கூடுதல். அதனால் குழாயின் சுவரை மெல்லியதாக்கி எடையைக் குறைக்க முடிகிறது. விறைப்பில் பெரிய வித்தியாசம் காட்டுவது குழாயின் விட்டம். சுவர்த் தடிமன் மாறாமல் 25.4 மி.மீ. குழாயை 28.6 ஆக்கினால் விறைப்பு 40 சதவீதத்துக்கு மேல் கூடும். அதுவும் எழுந்து நின்று மிதிக்கும்போது பக்கவாட்டில்தான் தெரியும்.

பிரேமை மாற்றும் முன் டயரை மாற்றிப் பாருங்கள். டயருக்கும் பிரேமுக்கும் நடுவே சுற்றிலும் 4 மி.மீ. இடைவெளி மிஞ்சும் அளவுக்கு அகலமாகப் போடலாம். 70 கிலோ ஆள், 32 மி.மீ. டயர் என்றால் பின்னால் 65, முன்னால் 55 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்று தொடங்கி ஐந்தைந்தாகக் குறையுங்கள். திருப்பத்தில் டயர் நெளிந்தாலோ பள்ளத்தில் ரிம் தட்டினாலோ ஐந்து ஏற்றுங்கள். ட்யூபில் அருகருகே இரண்டு ஓட்டை விழுந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். முள் குத்தாதிருக்கத் தடிப்பாகச் செய்த டயர் அதே காற்றிலும் கட்டையாகத்தான் ஓடும்.

இரண்டு பிரேமை ஒப்பிட வேண்டுமென்றால், ஒரே ஜோடி சக்கரத்தை ஒரே காற்றழுத்தத்தில் இரண்டிலும் மாட்டி ஓட்டுங்கள்.