ஜெயிப்பது யார் என்று தெரிந்தால் போதாது

ஆகஸ்ட் கடைசி வந்துவிட்டால் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரில் நம் ஆட்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களின் பேச்சே மாறிவிடும். அதுவரை கிரீன் கார்டு, சென்னை டிக்கெட் விலை, யார் வீட்டில் கொலு என்று ஓடிக்கொண்டிருந்தது, "ஓஹியோ ஸ்டேட் மைனஸ் பதினேழு, கண்ணை மூடிக்கிட்டுக் கட்டலாம்" என்று கல்லூரி ஃபுட்பால் பந்தயத்தின் பக்கம் திரும்பிவிடும். (ஓஹியோ ஸ்டேட் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் அணி. ஃபுட்பால் என்றால் இங்கே கால்பந்து இல்லை, அமெரிக்கன் ஃபுட்பால்.) டிசம்பர் முதல் வாரம் வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே கதைதான். ஓஹியோவில் 2023 ஜனவரி 1 முதல் விளையாட்டுப் பந்தயம் சட்டப்படி செல்லும். 21 வயதும் கையில் ஒரு போனும் இருந்தால் போதும். ஊரில் ஆன்லைன் ரம்மியால் குடும்பங்கள் அழிகின்றன என்று பக்கம் பக்கமாகப் பதிவு போட்ட அண்ணன் ஒருவர், இங்கே சனிக்கிழமை காலையில் நான்கு ஆட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டுத்தான் இட்லிக்கு உட்காருகிறார்.

பந்தயமே பாவம் என்று சொல்ல நான் வரவில்லை. சம்பாதித்த காசு, அவரவர் பாடு. எனக்கு உறுத்துவது ஒன்றுதான்: "எனக்கு இந்த ஆட்டம் நல்லாத் தெரியும், அதனால எனக்குக் காசு வரும்" என்ற நம்பிக்கை. அதுவும் கல்லூரி ஃபுட்பாலில், ஸ்பிரெட்டை எதிர்த்துக் கட்டும்போது.

புதிதாக வந்தவர்களுக்காக: ஸ்பிரெட் என்பது பலமான அணியின் தலையில் முன்கூட்டியே வைக்கப்படும் சுமை. 2024 நவம்பர் 30 அன்று இதே ஊரில் ஓஹியோ ஸ்டேட்டுக்கும் மிச்சிகனுக்கும் ஆட்டம். ஓஹியோ ஸ்டேட்டுக்கு ஏறத்தாழ 20 பாயிண்ட் சுமை. அதாவது ஓஹியோ ஸ்டேட் மேல் கட்டியவருக்குத் தன் அணி ஜெயித்தால் மட்டும் போதாது, இருபதுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். மிச்சிகன் மேல் கட்டியவருக்கு அந்த அணி பத்து பதினைந்தில் தோற்றாலும் பணம் உண்டு. அன்று நடந்தது வேறு. 13-10 என்று மிச்சிகன் ஜெயித்தே விட்டது. ஒரு லட்சம் பேர் உட்காரும் மைதானத்தில் இருந்து மக்கள் வாயடைத்துப் போய் வெளியே வந்தார்கள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பதை அந்த வாரம் முழுக்க எங்கள் ஆபீசில் யாரும் சிரிப்போடு சொல்லவில்லை.

இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த பெருமையைப் பொதுவாக சிகாகோவைச் சேர்ந்த சார்ல்ஸ் மெக்நீலுக்குத்தான் கொடுப்பார்கள். கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1940களில் புக்கி, அதாவது பந்தயப் பணம் வாங்குபவர் ஆனவர். கல்லூரி ஃபுட்பாலுக்கு இது இல்லாமல் முடியாது. மேல் அடுக்கில் மட்டும் 130க்கு மேற்பட்ட அணிகள். வருடத்துக்கு கோடிக்கணக்கில் செலவழிக்கும் பெரிய பல்கலைக்கழகமும் அதே பட்டியலில், பேருந்தில் வந்து அடி வாங்கிவிட்டு, ஆட வந்ததற்கான காசோலையோடு திரும்பும் சிறிய பல்கலைக்கழகமும் அதே பட்டியலில். யார் ஜெயிப்பார் என்று கேட்டால் பாதி ஆட்டத்துக்குப் பந்தயமே நடக்காது. எத்தனையில் என்று கேட்டால்தான் இரண்டு பக்கமும் ஆள் வரும்.

அந்த எண் எப்போதும் சரியாக இருக்குமா என்றால் இல்லவே இல்லை. 2007இல் ஸ்டான்ஃபோர்டுக்கு 41 பாயிண்ட் சலுகை கொடுத்தார்கள். அவர்கள் யுஎஸ்சியை அதன் சொந்த ஊரிலேயே 24-23 என்று வீழ்த்தினார்கள். 2017இல் ஹவர்ட் பல்கலைக்கழகத்துக்கு 45 பாயிண்ட் சலுகை. லாஸ் வேகஸ் போய் நெவாடா பல்கலைக்கழக அணியை 43-40 என்று ஜெயித்துவிட்டு வந்தார்கள். இதையெல்லாம் காட்டி "பார்த்தியா, வேகஸ்காரனுக்கு ஒண்ணும் தெரியாது" என்பார்கள். வேகஸ்காரன் என்றால் அந்த எண்ணைப் போடும் பந்தயக் கம்பெனிக்காரன். இங்கேதான் நம் ஆட்கள் வழுக்குவது. தனி ஆட்டத்தில் அந்த எண் சராசரியாக ஒரு டஜன் பாயிண்ட் அளவுக்குத் தப்பும். ஆனால் எந்தப் பக்கம் தப்பும் என்பது முன்கூட்டித் தெரியாது. நூறு ஆட்டத்தை மொத்தமாக எடுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். எண் தப்பாக இருப்பதால் உங்களுக்கு ஒரு பைசா லாபம் இல்லை. எந்தப் பக்கம் தப்பும் என்று அதைவிட நன்றாகத் தெரிந்தால்தான் லாபம்.

அது தெரியுமா? அந்த எண் எப்படி உருவாகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையே அடுத்த வாரத்துக்கான எண்கள் வந்துவிடும். அப்போது பெரிய தொகை கட்ட விடமாட்டார்கள். காரணம், அந்த நேரத்தில் கட்ட வருபவர்கள் இதையே தொழிலாக வைத்திருப்பவர்கள். கணினியில் மாடல் எழுதி, ஒவ்வொரு அணியின் காயப் பட்டியலையும் வானிலையையும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள். அவர்கள் ஒரு பக்கம் கட்டினால் எண் அரைப் பாயிண்ட், ஒரு பாயிண்ட் என்று நகரும். புதன், வியாழன் என்று போகப் போகக் கட்டும் தொகையின் வரம்பும் ஏறும், எண்ணும் பக்குவப்படும். சனிக்கிழமை காலை நீங்கள் காபியோடு போனில் பந்தய ஆப்பைத் திறக்கும்போது அந்த எண்ணுக்குள் எல்லாமே போய் உட்கார்ந்திருக்கும். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் கணுக்கால் வீக்கம் அதற்குத் தெரியும். மழை தெரியும். போன வாரம் அந்த அணி தோற்ற கோபம்கூடத் தெரியும். "ஓஹியோ ஸ்டேட் பயங்கரமான டீம்" என்ற உங்கள் ஞானம் அதற்குப் பழைய செய்தி.

அப்புறம் கமிஷன். 110 டாலர் கட்டினால்தான் 100 டாலர் லாபம். பத்து டாலர்தானே என்று தோன்றும். நூறு ஆட்டம் இப்படிக் கட்டி ஐம்பதை ஜெயித்தவர் சமமாக நிற்க மாட்டார், 500 டாலர் போயிருக்கும். 52 ஜெயித்தாலும் 80 டாலர் நஷ்டம். 53ஐத் தொட்டால்தான் முதன்முதலாக 130 டாலர் கையில் நிற்கும். நூற்றுக்கு 60 சரியாகச் சொல்வதாகப் பெருமை பேசும் யாரையும் முழு சீசன் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். அடுத்த நிமிஷம் பேச்சு கிரிக்கெட்டுக்கு மாறிவிடும்.

ஸ்பிரெட் ஒரு ரசிகனை என்ன செய்யும் என்று நான் பக்கத்தில் இருந்தே பார்த்திருக்கிறேன். 2025 ஜனவரி 20, அட்லாண்டாவில் தேசிய இறுதி ஆட்டம். ஓஹியோ ஸ்டேட்டும் நோட்ரே டேமும். கொலம்பஸை ஒட்டிய டப்ளின் பக்கம் ஒரு நண்பர் வீட்டில் இருபது பேர், மேசை நிறைய மிளகாய் பஜ்ஜி. ஓஹியோ ஸ்டேட்டின் தலையில் ஸ்பிரெட் எட்டு, எட்டரை என்று ஆடிக்கொண்டிருந்தது. நண்பரின் மச்சான், ஓஹியோ ஸ்டேட்டில் படித்தவர், சிவப்பு ஜெர்சி போட்டுக்கொண்டு வந்தவர், நோட்ரே டேம் பக்கம் எட்டரைக்குக் கட்டியிருந்தார். அந்த அணி எட்டில் தோற்றாலும் அவருக்குப் பணம். "காலேஜ் மேல பாசம் வேற மாமா, இது வேல்யூ" என்றார். மூன்றாவது குவார்ட்டரில் ஓஹியோ ஸ்டேட் 31-7 என்று முன்னிலை. மச்சான் பஜ்ஜியைத் தொடவில்லை. அப்புறம் நோட்ரே டேம் ஆறு பாயிண்டுக்கு ஒரு டச்டவுன் போட்டு, அதற்கு மேல் முயன்று எடுக்கும் இரண்டு பாயிண்டையும் எடுத்தது, 31-15. ஆட்டம் முடிய நாலே கால் நிமிஷம் இருக்கும்போது இன்னொரு டச்டவுன், மறுபடியும் இரண்டு. 31-23. வித்தியாசம் எட்டு. வீடே நகத்தைக் கடித்துக்கொண்டிருக்க, மச்சான் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்து குதித்தார்.

அடுத்து ஓஹியோ ஸ்டேட்டுக்கு மூன்றாவது டவுன், அதாவது மூன்றாவது முயற்சி, பதினொரு கெஜம் வேண்டும். ஜெரமையா ஸ்மித்துக்கு 56 கெஜப் பந்து. கூடமே அலறியது. ஓஹியோ ஸ்டேட்டுக்குக் கோப்பை ஏறக்குறைய கையில் வந்துவிட்ட நேரம் அது. 26 வினாடி மிச்சம் இருக்கும்போது பந்தை உதைத்து மூன்று பாயிண்ட் எடுக்கும் ஃபீல்டு கோலுக்கு ஆள் வருகிறார். சிவப்பு ஜெர்சிக்காரர் தரையில் மண்டியிட்டு, தன் கல்லூரிப் பையன் உதைக்கும் பந்து வெளியே போக வேண்டும் என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டிருந்தார். போகவில்லை. 34-23, பதினொரு பாயிண்ட் வித்தியாசம். அவருடைய கல்லூரி பத்து வருடம் கழித்துத் தேசிய சாம்பியன். அவர் பால்கனிக் கதவைத் திறந்துகொண்டு ஜனவரிக் குளிரில் தனியாகப் போய் நின்றார். போனது 220 டாலர். தொகை பெரிதில்லை. ஆனால் அந்த ராத்திரி அவருக்குத் திரும்ப வராது.

கல்லூரி ஆட்டத்துக்கென்றே சில கண்ணிகள் உண்டு. ஓவர்டைமில் இரண்டு அணிக்கும் 25 கெஜக் கோட்டில் பந்தைக் கொடுத்துவிடுவார்கள். ஆறரைப் பாயிண்ட் சலுகை வாங்கிய சின்ன அணி அறுபது நிமிஷமும் உயிரைக் கொடுத்து ஆடி 24-24 என்று முடிக்கும். நீங்கள் கணித்தது முழுக்கச் சரி. ஓவர்டைமில் பெரிய அணி ஒரு டச்டவுன் போடும், சின்ன அணி தடுமாறும், ஏழில் தோல்வி, உங்கள் பணம் போச்சு. இன்னொன்று, சீசன் முடிந்து நடக்கும் பௌல் ஆட்டங்கள். தொழில்முறை லீகான என்எஃப்எல் போகிற பையன் காயத்துக்குப் பயந்து ஒதுங்கிவிடுவான், வேறு கல்லூரிக்கு மாறுகிறவன் பெட்டியைக் கட்டிவிடுவான். 2023 டிசம்பர் 30 ஆரஞ்சு பௌலில் அதுவரை தோற்காத ஃபுளோரிடா ஸ்டேட் இருபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் இல்லாமல் இறங்கி ஜார்ஜியாவிடம் 63-3 என்று நசுங்கியது. 13-0 என்ற சாதனையைப் பார்த்துக் கட்டியவர்கள், பெயர் மட்டும் ஒன்றாக இருந்த வேறொரு அணியின் மேல் கட்டினார்கள்.

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜெயிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமைக்கு ஐம்பது அறுபது ஆட்டம் நடக்கும்போது எல்லா எண்ணையும் ஒரே கூர்மையோடு போட முடியாது. செவ்வாய் ராத்திரி யாரும் பார்க்காத மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் என்ற சின்ன லீகின் ஆட்டங்களை மட்டுமே படித்துக்கொண்டு, ஞாயிறு வரும் எண்ணைச் சூட்டோடு பிடிப்பவர்களுக்கு ஓட்டை கிடைக்கத்தான் செய்கிறது. சரி, கிடைத்தால்? தொடர்ந்து ஜெயிக்கிறார் என்று தெரிந்ததும் பல கம்பெனிகள் அவருடைய வரம்பைச் சில டாலருக்குச் சுருக்கிவிடும். நம் குழுவில் இருக்கும் யாருக்கும் இதுவரை வரம்பைச் சுருக்கவில்லை. பதிலுக்கு வாராவாரம் "போனஸ் பெட்" என்று அன்பளிப்பு வருகிறது. கம்பெனி உங்களைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

பல ஆட்டங்களை ஒரே பந்தயமாகக் கோத்து, எல்லாமே சரியாக வந்தால்தான் பணம் என்னும் பார்லே பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. மூன்று ஆட்டத்தை ஒன்றாகக் கோத்தால் எட்டு விதமாக முடியலாம், நியாயமாக ஒன்றுக்கு ஏழு தர வேண்டும், வழக்கமாகத் தருவது ஆறு. கோக்கக் கோக்க கம்பெனியின் பங்கு ஏறும். ஆப்பைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது ஏன் பார்லே என்று இப்போது புரியும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது ஆடுகிற பையன்களை நினைத்தால். 19, 20 வயது. இப்போது அவர்களுக்கும் காசு வருகிறது என்பது உண்மைதான், ஆனால் எல்லோருக்கும் இல்லை. முதலில் இறங்குபவர்கள் பட்டியலில் பெயர் வராத மாற்று ஆட்டக்காரன்கூட ஒரு பந்தைத் தவறவிட்டால், ராத்திரி இன்ஸ்டாகிராமில் கொலை மிரட்டல் வருகிறது. அவன் அணி ஜெயித்திருக்கும். ஸ்பிரெட்டைத் தாண்டவில்லை, அதுதான் குற்றம். இன்னொரு பக்கம் ஆசை காட்டுபவர்கள். தோற்கச் சொன்னால் எந்தப் பையனும் செருப்பால் அடிப்பான். "ஜெயிச்சுக்கோ தம்பி, கொஞ்சம் கம்மியா ஜெயி" என்றால் மனசாட்சி அவ்வளவு சத்தம் போடாது. ஸ்பிரெட் இருப்பதால்தான் இந்தப் பேரமே சாத்தியம். இதே ஓஹியோவில் டோலிடோ பல்கலைக்கழக வீரர்கள் சிலர் 2000களின் நடுவில் இந்த வலையில் விழுந்து ஃபெடரல் வழக்கு வரை போனது.

2024 மார்ச்சில் இருந்து ஓஹியோவில், ஒரு கல்லூரி வீரர் எத்தனை கெஜம் ஓடுவார், எத்தனை பந்து பிடிப்பார் என்று தனி ஆள் மேல் கட்ட முடியாது. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் தலைவர் சார்லி பேக்கர் இதை நாடு முழுக்கக் கொண்டுவரச் சொல்கிறார். என் ஓட்டு அதற்குத்தான், இன்னும் ஒரு படி மேலே போகவும் தயார். நியூ ஜெர்சியில் தங்கள் மாநிலக் கல்லூரி அணிகள் மேல் பந்தயமே கட்ட முடியாது. அந்தச் சட்டம் இங்கே வந்தால் ஓஹியோ ஸ்டேட் ஆட்டத்தன்று சிவப்பு ஜெர்சி போட்டவர் சிவப்பு ஜெர்சிக்காகவே கத்துவார். வராது என்று தெரியும். அதில் புரளும் வரிப் பணம் அப்படி.

ஸ்பிரெட்டைத் தாண்டி நான் ஜெயித்தேன் என்பவர்கள் தாராளமாகக் கீழே வந்து சண்டை போடலாம், முழு சீசன் கணக்கோடு வந்தால் இன்னும் சந்தோஷம். ஆனால் "இந்த வார லாக் (தப்பவே தப்பாத பந்தயம்), டெலிகிராமில் சேருங்கள், மாதம் 50 டாலர்" என்று கமெண்ட் போடும் தம்பிகளை மட்டும் பார்த்த உடனே பிளாக் செய்துவிடுவேன்.