டிராகுலாவும் சூரிய ஒளியும்: ஒரு திருத்தம்

பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட ‘டிராகுலா’ நாவலின் முடிவில் சூரிய ஒளி பட்டு டிராகுலா அழிகிறான் என்றும், இன்றைய திரைப்படங்களில் இரத்தக்காட்டேரிகள் வெயிலில் எரிவது அங்கிருந்தே வந்தது என்றும் ஒரு கருத்து பதிவாகியுள்ளது. நாவலில் அவ்வாறு இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவிக்க விரும்புகிறேன்.

ஸ்டோக்கரின் டிராகுலா பகலில் நடமாடக்கூடியவன். பகல் அவனுடைய மாய ஆற்றலை ஒடுக்குகிறதே தவிர உயிரைப் பறிப்பதில்லை. லண்டனின் பிக்காடில்லி வீதியில் பகல் வேளையில் அவனைக் கண்டு, முன்பு அவன் கோட்டையில் சிறைப்பட்டிருந்த ஜொனாதன் ஹார்க்கர் வெளிறிப்போகும் காட்சி, என் பார்வையில், நாவலின் மிக அச்சமூட்டும் இடங்களுள் ஒன்று. கூட்டம் நிறைந்த தெருவிலும் தப்பிக்க இடமில்லை என்பதை அது உணர்த்துகிறது. இறுதியில், சூரியன் மறையும் தறுவாயில், ஹார்க்கரின் குக்ரி எனும் வளைந்த கத்தி டிராகுலாவின் கழுத்தை அறுக்க, ஹார்க்கரின் தோழன் குவின்சி மோரிஸின் கத்தி நெஞ்சில் பாய, அவன் உடல் தூளாக உதிர்கிறது. அந்தத் தூள்தான் இந்தக் குழப்பத்திற்கு இடமளித்திருக்கலாம்.

காலைக் கதிரில் மறைந்துபோவது, முர்னாவ் இயக்கிய 1922ஆம் ஆண்டு ஜெர்மன் மௌனப்படமான ‘நோஸ்ஃபெராட்டு’வில் வரும் ஓர்லோக் பிரபு என்ற இரத்தக்காட்டேரி. பிற்காலப் படங்கள் பின்பற்றியது இந்த முடிவைத்தான்.

நாவலின் காப்புரிமை முடிந்துவிட்டதால், முழு ஆங்கில மூலமும் பழைய நூல்களை இணையத்தில் வழங்கும் குட்டன்பர்க் திட்டத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 13ஆம் அத்தியாயத்தில் பிக்காடில்லி காட்சியையும், 18ஆம் அத்தியாயத்தில் டிராகுலாவை வேட்டையாடும் பேராசிரியர் வான் ஹெல்சிங் அவன் ஆற்றல்களைப் பற்றித் தரும் விளக்கத்தையும், 27ஆம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கங்களையும் யாரும் படித்துச் சரிபார்க்கலாம்.