கரிபூ சாலைச் சுங்கம்: அது வழிப்பறி அல்ல

'கனடாவின் தங்க வேட்டை ஊர்களில் சட்டமே கிடையாது; தங்க வயல்களுக்குப் போன கரிபூ சாலையில் ரவுடிகள் துப்பாக்கி காட்டிச் சுங்கம் பறித்தார்கள்' என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

1858-ல் இன்றைய மேற்குக் கனடாவின் பிரேசர் ஆற்றங்கரைக்குத் தங்கம் தேடி ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அதே ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பிரிட்டிஷ் கொலம்பியாவைத் தனிக் காலனியாக்கியது. ஆளுநர் ஜேம்ஸ் டக்ளஸ் அறிவிப்பு வெளியிட்டால் அதுவே சட்டம். 1864 ஜனவரியில் சட்டமன்றக் குழு கூடும்வரை இப்படித்தான் நடந்தது. சட்டம் இருந்தது, அதை இயற்றியவர் ஒரே ஆள். குறை சொல்வதென்றால் இதைச் சொல்லலாம்.

சுங்கமும் அரசு விதித்ததுதான். பிரேசர் ஆற்றங்கரை ஊரான யேலிலிருந்து தங்கச் சுரங்க ஊரான பார்க்கர்வில் வரை சுமார் 650 கிலோமீட்டர் சாலை. 1862-ல் வேலை தொடங்கியது. கருவூலத்தில் பணம் போதவில்லை. செங்குத்தான பாறையைக் குடைய பிரிட்டிஷ் ராணுவத்தின் ராயல் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவு கொஞ்ச தூரம் உழைத்தது. மற்றதை ஒப்பந்தக்காரர்கள் போட்டார்கள். சிலருக்குப் பணத்தோடு, குறிப்பிட்ட காலம் சுங்கம் வசூலிக்கும் உரிமையும் கிடைத்தது. அவர்களில் ஒருவரான ஜோசப் ட்ரட்ச் 1863-ல் பிரேசர் ஆற்றின் மேல் கட்டிய அலெக்ஸாண்ட்ரா தொங்குபாலத்துக்கு அந்த உரிமை ஏழு ஆண்டுகள். இன்றைய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடி ஏற்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் பறிபோனது நிலம். சாலை போன பிரேசர் ஆற்றுப் பள்ளத்தாக்கு நிலகாப்பமுக் என்ற பூர்வகுடி மக்களுடையது. 1858-லேயே அங்கே சுரங்கக்காரர்களோடு மோதலில் உயிர்கள் போயின. சுற்றும் தகவலில் அந்தப் பூர்வகுடி மக்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.