பேப்பரில் போட்டான், போனில் வந்தது

நம் பேச்சில் ஒரு சின்ன மாற்றத்தைக் கொஞ்ச நாளாகக் கவனித்து வருகிறேன். செய்தித்தாள் காலத்தில் "பேப்பர்ல போட்டிருக்கான்" என்போம். டிவி வந்த பிறகு "டிவியில காட்டுனான்" என்றோம். அந்த 'ஆன்' யார் என்று நமக்குத் தெரியாது. ஆசிரியரோ, நிருபரோ, முதலாளியோ, யாரோ ஒருத்தன். ஆனால் ஒருத்தன் இருந்தான். அதனால்தான் கோபம் வந்தால் "காசு வாங்கிட்டுப் போட்டிருப்பான்" என்று திட்டவும் முடிந்தது.

இப்போது என்ன சொல்கிறோம்? "போன்ல வந்துச்சு." மழை வந்தது, காய்ச்சல் வந்தது என்பதுபோலச் செய்தியும் தானாக வந்துவிடுகிறது. அனுப்பியவன் வாக்கியத்திலேயே இல்லை.

தொழில்நுட்ப நிறுவனங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் தரவுத் திருட்டு, தனியுரிமை, பொய்ச் செய்தி என்று பெரிய வார்த்தைகள் அடிபடும். எல்லாம் முக்கியம்தான். ஆனாலும் என்னை உறுத்துவது இந்த 'வந்துச்சு'.

பழைய பத்திரிகைகளெல்லாம் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. 1833-ல் நியூயார்க்கில் 'தி சன்' என்று ஒரு நாளிதழ் தொடங்கினார்கள். விலை ஒரே ஒரு சென்ட். வாசகரை மலிவாகக் கூட்டிவந்து, அந்தக் கூட்டத்தைக் காட்டி விளம்பரம் பிடிப்பதுதான் தொழில். 1835 ஆகஸ்டில் அதே நாளிதழ், நிலவில் வௌவால் இறக்கை முளைத்த மனிதர்கள் பறக்கிறார்கள் என்று ஆறு பாகமாகத் தொடர் எழுதியது. ஜான் ஹெர்ஷல் தன் தொலைநோக்கியில் பார்த்தாராம். ஹெர்ஷல் நிஜமான வானியலாளர், பெரிய பெயர். அவர் பார்த்ததாகப் பத்திரிகை சொன்னது மட்டும் முழுப் புளுகு. ஆக, ஆளைப் பிடித்து விளம்பரதாரருக்கு விற்கும் வித்தை ஒன்றும் சிலிக்கான் பள்ளத்தாக்கில் பிறந்ததல்ல.

ஆனால் அந்த வௌவால் மனிதனை எல்லோரும் ஒரே தாளில் படித்தார்கள். நம்பியவனும் சிரித்தவனும் அதே தாளை நடுவில் போட்டுச் சண்டை பிடிக்கலாம். அடுத்த பத்திரிகைக்காரன் அதைப் பிடித்துக் கிழிக்கலாம். இப்போது நடுவில் போட எதுவும் இல்லை. ஒருநாள் நானும் என் தங்கையும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே செயலியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "என்னண்ணா, எல்லாரும் இதைத்தான் பேசுறாங்க, உனக்கு வரலையா?" என்றாள். வரவில்லை. அதே சம்பவத்துக்கு நேர் எதிரான கதைதான் எனக்கு வந்திருந்தது, அவளுக்கு அது வரவில்லை. அரை மணி நேரம் கத்தினோம். அப்புறம் போனை மாற்றிக்கொண்டு பார்த்தோம். இருவருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.

சரி, இதை வரச் செய்வது யார்? 2017-ல் ஃபேஸ்புக் ஒரு கணக்குப் போட்டது. ஒரு பதிவுக்கு விழும் லைக் ஒரு புள்ளி என்றால், எமோஜி விழுந்தால் ஐந்து புள்ளி. இதயத்துக்கும் ஐந்து, சிரிப்புக்கும் ஐந்து, கோபமுகத்துக்கும் ஐந்து. புள்ளி கூடக் கூடப் பதிவு மேலே ஏறும். கோபமுகம் அதிகம் வாங்கும் பதிவுகளில் பொய்யும் வன்மமும் கூடுதலாக இருக்கின்றன என்று அந்த நிறுவனத்தின் ஆட்களே கண்டுபிடித்தார்கள். படிப்படியாகக் குறைத்து, 2020-ல்தான் கோபமுகத்தின் மதிப்பைச் சுழியம் ஆக்கினார்கள். நமக்கு இதெல்லாம் தெரிந்தது 2021-ல், அங்கே வேலை பார்த்த ஃபிரான்சிஸ் ஹாகன் உள் ஆவணங்களை வெளியே கொண்டுவந்த பிறகு. ஐந்து என்ற அந்த எண்ணை ஓர் அறையில் சிலர் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். நாமோ "இப்பல்லாம் ஜனங்களுக்கு ரொம்பக் கோபம் வருது" என்று பேசிக்கொண்டிருந்தோம். பாருங்கள், அதுவும் 'வருது'தான்.

இதில் நானும் உத்தமன் இல்லை. எந்தத் தளம் என்பது வேண்டாம், ஒரு பிரச்சினையைப் பற்றி நிதானமாக எழுதினேன். "இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது" என்று முதல் வரி. பதினோரு பேர் பார்த்தார்கள், அதில் இரண்டு பேர் சொந்தக்காரர்கள். மறுவாரம் அதே விஷயத்தை "இவர்களுக்கு வெட்கமே கிடையாதா?" என்று தொடங்கினேன். இரவு முழுக்க அறிவிப்பு மணி அடித்தது. தூங்காமல் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அதற்கப்புறம் ஒரு வருடம் என் பதிவுகளின் முதல் வரிகளை எடுத்துப் பார்த்தால் முக்கால்வாசி கேள்விக்குறியில்தான் முடிகின்றன. யாரும் என் எழுத்தை வெட்டவில்லை. இப்படி எழுது என்று யாரும் சொல்லவுமில்லை. மணி அடித்த பக்கம் நானாகத் திரும்பிவிட்டேன்.

2012 ஜனவரியில் ஒரு வாரம் ஃபேஸ்புக் 6,89,003 பேரிடம் ஒரு சோதனை செய்தது. சிலருக்கு நண்பர்களின் மகிழ்ச்சியான பதிவுகளைக் குறைத்துக் காட்டியது, சிலருக்குச் சோகமானவற்றை. மகிழ்ச்சி குறைந்தவர்கள் எழுதியதிலும் மகிழ்ச்சி கொஞ்சம் குறைந்தது. விளைவு மிகச் சிறியது, அதைப் பெரிதாக்கிச் சொல்வது நியாயமில்லை. ஆனால் 2014-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியாகும்வரை அந்தச் சோதனை உலகுக்குத் தெரியாது. அந்த வாரம் மனசு சரியில்லாமல் இருந்த ஒருவர் அதற்கு எதையெல்லாம் காரணம் காட்டியிருப்பார்?

வருவதாவது கண்ணில் படுகிறது. வராமல் போவதை எப்படிக் கவனிப்பது? கனடாவில் 2023-ல் ஒரு சட்டம் வந்தது. செய்திகளை வைத்துச் சம்பாதிக்கும் பெரிய தளங்கள் செய்தி நிறுவனங்களுக்குப் பணம் தர வேண்டும் என்றது. பணம் தருவதைவிடச் செய்தியையே நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்த மெட்டா (ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனம்), ஆகஸ்டிலிருந்து ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்தி இணைப்புகளை அடைத்தது. அதே மாதம் காட்டுத்தீ நெருங்கி, யெல்லோநைஃப் நகரையே காலி செய்யச் சொன்னார்கள். சுமார் 20,000 பேர். எந்தப் பாதை திறந்திருக்கிறது என்ற செய்தியைப் பகிரப் போனால் இணைப்பு போகாது. சட்டம் நல்லதா கெட்டதா என்பது தனி வழக்கு. எனக்குச் சட்டத்தின் மீதும் சந்தேகம் உண்டு. ஆனால் அங்கே ஒரு வாரமாவது மக்கள் "வரல" என்று சொல்லாமல் "அடைச்சுட்டான்" என்று சொல்லியிருப்பார்கள்.

போன வாரம் தங்கை மறுபடி போனை நீட்டினாள். "அண்ணா, இப்போ ஒண்ணு வந்துச்சு, நீ நம்பவே மாட்டே."

"யார் போட்டது?" என்றேன்.

பெயரைப் பார்க்கப் போனை அவள் பக்கம் திருப்பினாள். விரல் பட்டதோ என்னவோ, திரை ஒருமுறை சுழன்று புதுசாக நின்றது. மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள், தேடும் பெட்டியில் இரண்டு வார்த்தை அடித்துப் பார்த்தாள். சமையல் வீடியோ வந்தது, செருப்பு விளம்பரம் வந்தது.

"இப்பதான் இருந்துச்சு" என்றாள்.