கரண்ட் போனால் கேமராவும் போச்சு

வாசலில் வருபவரை போனில் காட்டும் வீடியோ பெல் மாட்டிவிட்டால் நிம்மதியாக வெளியூர் போகலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சரி, ஆனால் எங்கள் தென்காசி மாவட்டச் செங்கோட்டைப் பக்கம் சாரல் காலத்தில் ஆரியங்காவு கணவாய்க் காற்று அடித்து கரண்ட் போனால் வைஃபை ரூட்டரும் சேர்ந்து அணைந்துவிடும், பெல்லில் பேட்டரி இருந்தாலும் போனுக்கு ஒன்றும் வராது. ரூட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் கட்டாயம் வேண்டும். அப்புறம், இரவில் கேமரா விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி லென்ஸ் மேலேயே வலை கட்டும், அந்த நூல் ஆடினாலே ஆள் வந்ததாக போன் அலறும். அடிக்கடி துடையுங்கள். முக்கியமாக எதிர்வீட்டு வாசல் தெரியாதபடி திருப்பி வையுங்கள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றமே 2017-ல் சொல்லியிருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா துணி துவைப்பது நம் போனில் எதற்குப் பதிவாக வேண்டும்? பல ஆப்களில் அந்தப் பகுதியை மட்டும் மறைக்கவும் வசதி இருக்கிறது.