களி ஊட்டும் கைக்குக் கதையில் இடமில்லையா?

மாயாஜால நாவல் ஒன்றைப் படித்து முடித்தேன். நாயகி எதிரிகளை வெட்டிச் சாய்க்கிறாள். அழுவதில்லை, யாரையும் தேற்றுவதில்லை. "நீ மற்றப் பெண்களைப் போல இல்லை" என்கிறான் மன்னன். அதுதான் அவளுக்குக் கிடைக்கும் ஆகப்பெரிய பாராட்டாம்! காயம்பட்டவர்களுக்கு இரவெல்லாம் கண்விழித்து மருந்து கட்டியவளுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. எரிச்சலாக வருகிறது.

தர்மபுரியில் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். பக்கவாதத்தில் படுத்த பாட்டிக்கு அம்மா ராகிக் களியைக் கூழாகக் கரைத்து, புறங்கையில் சூடு பார்த்து, தொண்டைக்குழி ஏறி இறங்குகிறதா என்று கவனித்த பிறகே அடுத்த கரண்டியை ஊட்டுகிறார். ஒரு கிண்ணம் முடிய முக்கால் மணி நேரம். அந்த நிதானம் எந்தப் போர்வீரனுக்கு வரும்? பார்க்க வருகிற உறவினர்களோ, பைக் ஓட்டும் என் தங்கையை "ஆண்பிள்ளை மாதிரி" என்று மெச்சுகிறார்கள். அம்மா "வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்". பாட்டியைப் பார்த்துத் தம்பி கண்கலங்கினால், "பெண்பிள்ளை மாதிரி அழாதே" என்று அதட்டல்.

இத்தனைக்கும் எங்கள் தர்மபுரிதான் சங்ககால மன்னன் அதியமானின் தகடூர். பகை மன்னன் தொண்டைமானிடம் அவன் தூது அனுப்பியது வாளேந்திய தளபதியை அல்ல, ஔவையாரை. படைக்கலங்களைக் காட்டியவனிடம், "உன் வேல்கள் நெய் பூசி, மயிற்பீலி சூடி அழகாக இருக்கின்றன, எங்கள் மன்னனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன" என்ற பொருளில் பாடினார். புறநானூற்றின் 95ஆம் பாடல் அது. அந்த ஊரிலேயே உட்கார்ந்துகொண்டு, நயமாகப் பேசினால் "பொம்பளைப் பேச்சு" என்று தள்ளிவிடுகிறார்கள்.